சமனிலியும் வரிசையும்: கல்முனைக் கரையிலிருந்து ஒரு வரலாற்று நோக்கு

"ய என்பது 0இற்கும் 1இற்கும் இடைப்பட்ட ஒரு மெய்யெண்ணாயின் ய, ய², ய³, 1/ய ஆகிய நான்கினையும் ஏறுவரிசைப்படுத்துக." பாடசாலைப் பயிற்சிகளிலும், போட்டிப் பரீட்சைகளின் நுண்ணறிவு வினாத்தாள்களிலும், வெளிநாட்டுப் பல்கலைக்கழகங்கள் கேட்கும் நியமத் தேர்வுகளிலும் இவ்வகை வினா சிறு சிறு மாற்றங்களுடன் திரும்பத் திரும்ப வருகின்றது. கணக்கு என்று சொல்லுமளவிற்கு இதிற் கணக்கு எதுவுமில்லை. ஆயினும் ஓரளவு தேர்ந்த மாணவரும் இதிற் சறுக்குவதுண்டு. வர்க்கித்தால் எண் பெருகும், கனமாக்கினால் மேலும் பெருகும், ஒன்றை ஓர் எண்ணால் வகுத்தாற் சிறுகும் என்னும் எண்ணம் முழுவெண்களோடு பழகிய காலத்திலேயே மனத்திற் பதிந்துவிடுகின்றது. அவ்வெண்ணம் 1/ய, ய, ய², ய³ என்னும் வரிசையை எழுதத் தூண்டும். சரியான விடையோ அதன் நேர் தலைகீழ்: ய³ < ய² < ய < 1/ய.

இங்கே வரிசை எழுத்துக்களில் இல்லை. எழுத்துக்களின்மேல் விதிக்கப்பட்ட நிபந்தனையில் உள்ளது. நிபந்தனையை மாற்றினால் எழுத்து மாறாமலே வரிசை மாறும். இவ்வுண்மை மனித சிந்தனைக்கு எளிதில் எட்டியதன்று. அது அட்சரகணிதத்திற் குறியீடாக நிலைபெற நெடுங்காலம் சென்றது. மருதமுனை தொடங்கி கல்முனை, சாய்ந்தமருது, நிந்தவூர், சம்மாந்துறை, அட்டாளைச்சேனை, அக்கரைப்பற்று எனப் பொத்துவில் வரை பரந்துள்ள அம்பாறைக் கரையோரத்தின் தமிழ் பேசும் முஸ்லிம் ஊர்களுக்கு இவ்வரலாற்றில் இரட்டைத் தொடர்புண்டு. அவ்வூர்களின் மாணவர் சமனிலி வினாவுக்கு விடை எழுதினர்; அவர்கள் எழுதிய விடைக்குக் கிடைத்த புள்ளிகளும் பின்னர் ஒரு சமனிலிக்குள் இடப்பட்டு வரிசைப்படுத்தப்பட்டன.

பெருக்கினாற் சிறுகும் எண்கள் உள என்பது தமிழ்க் கல்வி மரபுக்குப் புதிதன்று. திண்ணைப் பள்ளிகளில் மாணவர் மனனஞ் செய்த எண்சுவடியில் மேல்வாயிலக்கத்திற்கு இணையாகக் கீழ்வாயிலக்கமும் இடம்பெற்றிருந்தது. முந்திரி, காணி, மா, மாகாணி, அரைக்கால், கால், அரை, முக்கால் என்னும் பின்னங்கள் ஒவ்வொன்றும் தத்தமக்கென ஒரு பெயரையும் ஒரு குறியையும் உடையன. அரையை அரையாற் பெருக்கினாற் கால். அரையைக் காலாற் பெருக்கினால் அரைக்கால். காலைக் காலாற் பெருக்கினால் மாகாணி. நில அளவைக்கான குழிமாற்றுச் சூத்திரங்களும் இத்தகையனவே. கால் என்பதன் வர்க்கம் மாகாணி என்று வாய்பாடாகச் சொல்லிப் பழகிய சிறுவனுக்கு, ஒன்றிற் குறைந்த எண்ணின் வர்க்கம் அவ்வெண்ணிலுஞ் சிறிது என்பது நிறுவப்படவேண்டிய ஒன்றாகத் தோன்றியிராது. பதின்ம முறையும் நவீன பாடநூலும் தந்த நன்மைகள் பலவாயினும், பின்னத்தின் பெயரோடு பின்னத்தின் பருமனையும் சேர்த்து மனத்திற் பதித்த அப்பழக்கம் அவற்றோடு மறைந்தது ஓர் இழப்பே எனல் வேண்டும்.

கரையோர முஸ்லிம் ஊர்களிற் பின்னங்களை ஒப்பிடும் பயிற்சிக்கு மற்றொரு களமும் இருந்தது. அது பராயிழ் எனப்படும் வாரிசுரிமைப் பங்கீடாகும். அரை, கால், அரைக்கால், மூன்றிலிரண்டு, மூன்றிலொன்று, ஆறிலொன்று என ஆறு பங்குகள் குர்ஆனிற் குறிப்பிடப்பட்டுள்ளன. இலங்கையில் 1931ஆம் ஆண்டின் 10ஆம் இலக்கக் கட்டளைச்சட்டம், மரணசாசனம் எழுதாது இறந்த முஸ்லிமின் சொத்துக்கு அவர் சார்ந்திருந்த பிரிவின் முஸ்லிம் சட்டத்தையே ஏற்புடையதாக்கிற்று. இக்கரையில் வீடும் வளவும் பெண்மக்களுக்குத் திருமணத்தின்போதே சீதனமாகச் சேர்ந்துவிடும் வழக்கம் வலுவானது. ஆதலின் பராயிழ் பெரும்பாலும் எஞ்சிய வயலுக்கும் பொருளுக்குமே உரிய கணக்காயிற்று என்பது தனியே ஆராயத்தக்கது.

பராயிழ்க் கணக்கில் ஓரிடம் சமனிலி வரலாற்றுக்கு நேரே பொருந்துவது. ஒரு பெண் கணவனையும் உடன்பிறந்த சகோதரிகள் இருவரையும் மட்டும் விட்டு இறக்கின்றாள் எனக் கொள்க. கணவனுக்கு 1/2. சகோதரிகள் இருவர்க்கும் சேர்ந்து 2/3. கூட்டினால் 7/6, அது 1இலும் பெரிது. உள்ள சொத்தைவிடப் பங்குகள் மிஞ்சிவிட்டன. சட்டவறிஞர் கண்ட தீர்வு அவ்ல் எனப்படும். ஆறு என்னும் பகுதியை ஏழாக உயர்த்தி, கணவனுக்கு 3/7, சகோதரிகளுக்கு 4/7 எனப் பிரித்தனர். ஒவ்வொருவர் பங்கும் குறைந்தது. ஆனால் யாருடைய பங்கு பெரிது, யாருடையது சிறிது என்னும் வரிசை குலையவில்லை. எல்லாப் பங்குகளையும் ஒரே நேரெண்ணாற் பெருக்கினால் வரிசை மாறாது என்னும் சமனிலி விதியே இத்தீர்வின் நியாயத்துக்கு அடிப்படை. "ஒரே" என்னும் சொல் இங்கு முக்கியமானது. 9ஆம் நூற்றாண்டின் முற்பகுதியிற் பக்தாதில் வாழ்ந்த அல்குவாரிஸ்மி எழுதிய நூலின் தலைப்பிலுள்ள "அல்ஜப்ர்" என்னும் சொல்லே ஐரோப்பிய மொழிகளில் அட்சரகணிதத்திற்குப் பெயராயிற்று. அந்நூலின் பெரும்பகுதி மரணசாசனமும் வாரிசுரிமையும் பற்றிய கணக்குகளுக்கே ஒதுக்கப்பட்டுள்ளது.

கருத்து பழையதாயினும் குறி பிந்தியது. யூக்கிளிட்டின் நூலில் "முழுமை பகுதியினும் பெரிது" என்பது பொதுவுண்மைகளுள் ஒன்று. வட்டத்தின் பரிதிக்கும் விட்டத்துக்கும் உள்ள விகிதத்தைத் துல்லியமாகச் சொல்லவியலாத நிலையில் ஆர்க்கிமிடீசு அதனை 3 10/71இற்கும் 3 1/7இற்கும் இடையே அடைத்துக் காட்டினார். சமன் என்று சொல்ல முடியாதவிடத்துப் பெரிது, சிறிது என்று சொல்வதும் முழுமையான அறிவே என்பதற்கு அதனினுஞ் சிறந்த எடுத்துக்காட்டு அரிது. ஆயினும் இவை யாவும் சொற்களிலேயே எழுதப்பட்டன. சமன் குறியை ரொபர்ட் ரெக்கோட் 1557இல் அச்சேற்றினார். பெரிது, சிறிது என்பவற்றைக் குறிக்கும் >, < ஆகிய குறிகள் தோமஸ் ஹரியட் இறந்து பத்தாண்டுகள் கழித்து, 1631இல், அவருடைய பெயரால் வெளியான நூலில் அச்சில் வந்தன. சமனுக்குக் குறி கிடைத்தபின் சமனின்மைக்குக் குறி கிடைக்க 74 ஆண்டுகள் சென்றன. அதே 1631இல் ஓட்ரெட் என்பார் வேறு குறிகளை முன்வைத்தார், அவை நிலைக்கவில்லை. பெரிது அல்லது சமன் என்பதைச் சேர்த்துக் காட்டும் குறியை 1734இற் பியர் பூகே கையாண்டார். ஹரியட்டின் குறிகள் நிலைத்தமைக்கு அவற்றின் வடிவமே காரணமெனலாம். அகன்ற வாய் பெரியதன் பக்கமும் கூரிய முனை சிறியதன் பக்கமும் அமைய, குறியைக் காண்போர் பொருளையும் காண்கின்றனர்.

குறி கிடைத்தும் ஓர் இடர்ப்பாடு தீரவில்லை. அது மறையெண்கள் பற்றியது. கடனையும் உடைமையையும் கொண்டு மறையெண்களின் கூட்டல், பெருக்கல் விதிகளைப் பிரமகுப்தர் 628இலேயே வகுத்துவிட்டார். ஐரோப்பியரோ 17ஆம் நூற்றாண்டிலும் தயங்கினர். அந்துவான் ஆர்னோ என்னும் பிரெஞ்சு அறிஞர் எழுப்பிய ஐயம் புகழ்பெற்றது. மறை 1இற்கு 1 எவ்விகிதமோ, அவ்விகிதமே 1இற்கு மறை 1 என்பர். அவ்வாறாயின் சிறியதற்குப் பெரியது எவ்வாறோ, பெரியதற்குச் சிறியதும் அவ்வாறே என்றாகும். இது எங்ஙனம் பொருந்தும்? ஆர்னோ அறியாமையாற் கேட்டாரல்லர். விகிதம் சமனாயிருக்கும்போது வரிசையும் அதே திசையில் அமையவேண்டும் என்னும் நம்பிக்கை நேரெண்களுக்கு மட்டுமே செல்லும். மறையெண்ணாற் பெருக்கும்போது வரிசை தலைகீழாகும் என்பதே விடை. 2 < 3 என்பது உண்மை. இருபுறமும் மறை 1ஆற் பெருக்கினால் -2 > -3. இன்று எட்டாம் ஒன்பதாம் ஆண்டு மாணவர் ஒரு வரியில் எழுதிக்கொள்ளும் இவ்விதியின் பின்னால், ஜோன் வாலிசு போன்ற பெருங்கணிதவியலாளரே மறையெண்கள் முடிவிலியினும் பெரியவையோ என மயங்கிய ஒரு காலம் உண்டு. இவ்விதியை மறந்து புள்ளி இழக்கும் மாணவர் நல்ல துணையுடனேயே தவறுகின்றனர் எனலாம்.

பின்னைய நூற்றாண்டுகளிற் சமனிலி கணிதத்தின் ஒரு தனித்துறையாயிற்று. 1821இற் கோசி, கூட்டலிடையானது பெருக்கலிடையினும் குறையாது என்பதற்குப் பொது நிறுவல் தந்தார். 1934இல் ஹார்டி, லிட்டில்வூட், போல்யா மூவரும் சேர்ந்து எழுதிய "சமனிலிகள்" என்னும் பெருநூல் வெளிவந்தது. ஆனால் இலங்கைப் பாடசாலைக்குச் சமனிலி வந்துசேர்ந்த வழி ஆய்வுநூல் வழியன்று; பரீட்சை வழியாகும்.

கேம்பிரிட்ஜ்ப் பல்கலைக்கழகத்துக் கணிதப் பரீட்சையிற் சித்தியெய்தியோர் பெயர்கள் தகுதி வரிசையில் முதல்வர் தொடங்கிக் கடையவர் ஈறாக வெளியிடப்பட்டன. முதல்வர்க்கு நாடு முழுதும் புகழ் கிடைத்தது. அவ்வரிசைக்காகவே மாணவர் தனிப் பயிற்றுநரிடம் ஆண்டுக்கணக்கிற் பயின்றனர். கணிதம் கற்பிக்கப்படாமற் பரீட்சைத் தந்திரமே கற்பிக்கப்படுகின்றது என ஹார்டி கடுமையாக எதிர்த்தார். தகுதி வரிசையை வெளியிடும் வழக்கம் 1909உடன் நின்றது. மனிதரை வரிசைப்படுத்துவதை எதிர்த்த அதே மனிதரே பின்னர் எண்களை வரிசைப்படுத்தும் கலைக்குத் தலைசிறந்த நூலொன்றைச் சேர்ந்தெழுதினார் என்பது கவனிக்கத்தக்கது. வழக்கம் தன் பிறப்பிடத்தில் நின்றபோதிலும் குடியேற்ற நாடுகளில் அதன் ஆவி நீங்கவில்லை. 1880களிலிருந்து கேம்பிரிட்ஜ், இலண்டன் பரீட்சைகளே இலங்கையில் உயர்கல்விக்கும் உத்தியோகத்திற்கும் வாயிலாயின. அப்பரீட்சைகள் ஆங்கிலத்தில் நடந்தன. அவற்றுக்கு ஆயத்தஞ் செய்யும் கல்லூரிகள் கொழும்பு, கண்டி, காலி, யாழ்ப்பாணம் ஆகிய இடங்களிற் செறிந்திருந்தன. கல்முனைப் பகுதியில் மெதடிஸ்த, கத்தோலிக்க மிசன்களின் பாடசாலைகள் இருந்தனவாயினும், மதமாற்றம் பற்றிய அச்சத்தால் முஸ்லிம் பெற்றோர் பலர் அவற்றினின்றும் ஒதுங்கியிருந்தனர். 1945இல் இலவசக் கல்வி நடைமுறைக்கு வந்தது. 1949இற் கல்முனையில் ஸாஹிரா தோன்றிற்று. 1971இல் மஹ்மூத் மகளிர் கல்லூரி தோன்றிற்று. ஆக, யாழ்ப்பாணத்திலும் கொழும்பிலும் மூன்று நான்கு தலைமுறைகளாகப் பரீட்சைக் கணிதத்தோடு பழகிய குடும்பங்கள் இருந்த வேளையில், இக்கரையின் முஸ்லிம் ஊர்களில் முதல் தலைமுறையே அப்போதுதான் அட்சரகணிதப் புத்தகத்தைத் திறந்துகொண்டிருந்தது.

அப்புத்தகம் தமிழில் இருந்தமை அத்தலைமுறைக்குக் கிடைத்த பெரும்பேறு. தாய்மொழிவழிக் கல்வி இடைநிலை வகுப்புகளுக்கு உயர்ந்து, விஞ்ஞான கணித பாடங்களையும் எட்டியபோது கலைச்சொற்கள் தேவைப்பட்டன. அரசகரும மொழித் திணைக்களம் சொற்றொகுதிகளை வெளியிட்டது. தமிழ்நாட்டிற் "அசமன்பாடு" என்னும் சொல் வழங்கிவர, இலங்கையிற் "சமனிலி" நிலைத்தது. குறுமையும் ஓசையும் கருதி நோக்கின் சமனிலியே சிறந்தது. ஆனால் இரண்டு சொற்களுக்கும் பொதுவான ஒரு குறையுண்டு. சமன் இல்லை என்பதை இரண்டும் சொல்கின்றன. எது பெரிது என்பதை இரண்டும் சொல்லவில்லை. சமனிலி என்றதும் மாணவர் அதனைச் சமன்பாட்டின் ஒரு குறைவடிவமாகவே கருதிச் சமன்பாட்டுக்குரிய செய்கைகளையெல்லாம் அதன்மீது செய்யத் தொடங்குவதற்குச் சொல்லும் ஓரளவு பொறுப்பு. இணைந்த கணிதம் பயிலும் மாணவர் அனைவர்க்கும் பழகிய ஒரு பிழையை இங்கு எடுத்துக்காட்டலாம். 1/ய < 2 என்பதைத் தீர்க்குமாறு கேட்டால், இருபுறமும் ய ஆற் பெருக்கி 1 < 2ய என்றும், ஆகவே ய > 1/2 என்றும் எழுதிவிடுவர். ய நேரெண் என்பதை யாரும் சொல்லவில்லை. ய மறையெண்ணாயின் 1/ய உம் மறையெண். அது 2இலுஞ் சிறிது என்பது வெளிப்படை. ஆகவே ய < 0 என்னும் எண்கோட்டின் இடப்பாதி முழுவதும் விடைக்குள் அடங்கும். அவசரத்தில் அப்பாதி முழுவதும் கைவிடப்படுகின்றது. ஒருபோதும் மறையாகாத ய² ஆற் பெருக்குவதே முறை. அவ்வாறு செய்தால் ய < 2ய², அதாவது ய(2ய - 1) > 0 எனவரும். விடை இரு துண்டுகளாகத் தானே பிரிந்து வெளிப்படும்.

தெரிவு செய்யும் வினா என்னும் புதிய வடிவம் அமெரிக்காவிற் பிறந்தது. 1914-15 காலப்பகுதியிற் கன்சாஸ் மாநிலத்தில் பிரெடரிக் கெலி என்பார் வாசிப்புத் திறனை அளக்க ஒரே சரியான விடையையுடைய வினாக்களை அமைத்தார். ஆசிரியருக்கு ஆசிரியர் புள்ளி வேறுபடுவதைத் தவிர்ப்பதே அவர் நோக்கம். 1917இல் அமெரிக்கப் படை இலட்சக்கணக்கான ஆட்களை இவ்வகைத் தேர்வால் தரம்பிரித்தது. 1926இற் கல்லூரி அனுமதிக்கான எஸ்.ஏ.ரீ. தேர்வு தொடங்கிற்று. 1974இல் அத்தேர்வு சமனிலி வரலாற்றில் ஒரு தனித்த வினாவகையைப் புகுத்தியது. இரு நிரல்களில் இரு கணியங்கள் தரப்படும். முதலாவது பெரிதா, இரண்டாவது பெரிதா, இரண்டும் சமனா, அல்லது தரப்பட்ட தகவலைக்கொண்டு தீர்மானிக்க இயலாதா என மாணவர் கூறல் வேண்டும். 2005இல் எஸ்.ஏ.ரீ. இதனைக் கைவிட்டது, பட்டப்பின் படிப்புக்கான ஜீ.ஆர்.ஈ. தேர்வு கைவிடவில்லை. ஒலுவிலிலோ பேராதனையிலோ பட்டம்பெற்று வெளிநாடு செல்ல விழையும் பட்டதாரி இவ்வினாவை எதிர்கொள்ள நேரலாம்.

இவ்வகை வினாக்களுக்கெனத் தனியார் வகுப்புகளிற் கற்பிக்கப்படும் வழி பிரதியிட்டுப் பார்த்தலாகும். ய இற்குப் பதிலாக 1/2 இட்டால் ய² = 1/4, ய³ = 1/8, 1/ய = 2; வரிசை கண்முன் நிற்கும். இதனைக் குறுக்கு வழியென இகழ்வது முறையன்று. கணிதவியலாளரும் ஊகத்தைச் சோதிக்க இதனையே முதலிற் செய்வர். ஆனால் பிரதியீட்டுக்கு எல்லையுண்டு. ஒரு பெறுமானம் ஒரு கூற்றைப் பொய்யாக்க வல்லது. உண்மையென நிறுவ வல்லதன்று. ய < ய² என்னும் கூற்றை ய = 2 ஆதரிக்கும், ய = -3 ஆதரிக்கும், ய = 1/2 ஒன்றே தகர்த்துவிடும். ஆதலின் எத்தனை பெறுமானங்களை இடுவது என்பதைவிட எங்கெங்கே இடுவது என்பதே அறிவு. -1, 0, 1 என்னும் மூன்று புள்ளிகள் எண்கோட்டை நான்கு துண்டுகளாக்குகின்றன. 1இற்கு வலப்புறம் 1/ய < ய < ய² < ய³. 0இற்கும் 1இற்கும் இடையே அவ்வரிசை முற்றாகத் தலைகீழ். -1இற்கும் 0இற்கும் இடையே 1/ய < ய < ய³ < ய². -1இற்கு இடப்புறம் ய³ < ய < 1/ய < ய². நான்கு நிலங்களில் நான்கு வரிசைகள். ய எந்த நிலத்தினது என்று சொல்லாமல் வரிசை கேட்கப்பட்டால், "தீர்மானிக்க இயலாது" என்பதே விடை. அமெரிக்கத் தேர்வின் அந்நான்காம் தெரிவு, விடை தெரியாதவர்க்கு விட்ட புகலிடமன்று. நிபந்தனையை ஆராய்ந்தவர்க்கே உரிய விடையாகும்.

நிபந்தனையை ஆராயாது வரிசைப்படுத்துவதன் விளைவை இலங்கைத் தமிழ்மொழிமூல மாணவர் வினாத்தாளுக்கு வெளியே கண்டது 1971இலாகும். அவ்வாண்டுப் பல்கலைக்கழக அனுமதியில், நான்கு பாடங்களின் 400 புள்ளிகளுள், மருத்துவத்துக்கு வெட்டுப்புள்ளி சிங்களமொழிமூல மாணவர்க்கு 229, தமிழ்மொழிமூல மாணவர்க்கு 250. பேராதனைப் பொறியியலுக்கு முறையே 227, 250. பௌதிக விஞ்ஞானத்துக்கு 183, 204. ஆக, 240 புள்ளி பெற்ற தமிழ்மொழிமூல மாணவர் வெளியே நிற்க, 230 பெற்ற சிங்களமொழிமூல மாணவர் உள்ளே சென்றார். 229 < 230 < 240 < 250 என்னும் சமனிலியில் ஐயமில்லை. ஐயம் அவ்வெண்கள் ஒரே எண்கோட்டில் வைக்கத்தக்கனவா என்பதிலேயே எழுப்பப்பட்டது. தமிழ்மொழிமூலப் பரீட்சகர் தாராளமாகப் புள்ளியிட்டனர் என்ற குற்றச்சாட்டு எழுந்தது; அது நிறுவப்படவில்லை. 1973இல் மொழிமூலவாரியான தரப்படுத்தல் முறைப்படி நடைமுறைக்கு வந்தது. ஒவ்வொரு மொழிமூலத்தின் புள்ளிகளும் தனித்தனியே மாற்றப்பட்டன. இங்குதான் பராயிழ்க் கணக்கின் "ஒரே" என்னும் சொல் நினைவுகொள்ளத்தக்கது. ஒரு குழுவினுள் எல்லாப் புள்ளிகளும் ஒரே வகையிற் கூடிக் குறைந்தால் அக்குழுவினுள் வரிசை குலையாது. குழுவுக்குக் குழு வேறு மாற்றம் செய்யப்பட்டால், குழுக்களிடையே வரிசை எப்படியும் ஆகலாம்.

கல்முனைக் கரையின் முஸ்லிம் மாணவர் தமிழ்மொழிமூலத்தினர். அக்காலக் கல்வியமைச்சர் பதியுதீன் மஹ்மூத் முஸ்லிமாக இருந்தபோதிலும், 1971இன் கோட்டுக்கு 250இன் பக்கத்திலேயே இம்மாணவர் நின்றனர். ஆனால் 1974இல் மாவட்ட அடிப்படை புகுத்தப்பட்டபோது நிபந்தனை மாறிற்று, வரிசையும் திரும்பிற்று. 1961இல் மட்டக்களப்பிலிருந்து பிரிக்கப்பட்ட அம்பாறை, கல்வி வசதி குறைந்த மாவட்டங்களுள் ஒன்றாயிற்று. யாழ்ப்பாணமும் கொழும்பும் பெருமளவு இடங்களை இழந்தன. அம்பாறை போன்றவை பெற்றன. அதே மாணவர், அதே மொழி, அதே விடைத்தாள். முதற் கோட்டால் தள்ளப்பட்டவர் இரண்டாங் கோட்டால் உள்ளே எடுக்கப்பட்டார். இதன் காரணமாகவே தரப்படுத்தல் பற்றிய வரலாற்றை யாழ்ப்பாணத்திலிருந்து எழுதுவோரும் கல்முனையிலிருந்து எழுதுவோரும் ஒரே முடிவுக்கு வருவதில்லை. ஒருவர் கூற்று பொய்யென்றால் மற்றவர் கூற்று மெய்யென்று கொள்ளவேண்டியதுமில்லை. இரண்டும் வெவ்வேறு நிபந்தனைகளின் கீழ் உண்மையானவை. மொழிமூலத் தரப்படுத்தல் 1970களின் இறுதியிற் கைவிடப்பட்டது. மாவட்ட முறை தொடர்ந்தது. விகிதங்கள் பலமுறை மாறி, திறமைக்கு 40 வீதம், மாவட்ட சனத்தொகைக்கு 55 வீதம், வசதி குறைந்த மாவட்டங்களுக்கு மேலதிகமாக 5 வீதம் என்றமைந்தன. பெரியநீலாவணைக்கு வடக்கே செல்வோர் மட்டக்களப்பு மாவட்டத்தினுள் நுழைகின்றனர். கடலும் வாவியும் வயலும் வேறுபடுவதில்லை, வெட்டுப்புள்ளி வேறுபடுகின்றது.

2001 முதல் இசட் புள்ளி வந்தது. பேராதனைப் புள்ளிவிபரவியற் பேராசிரியர் ஆர். ஓ. தட்டில் முன்மொழிந்த முறை இது. மாணவர் ஒரு பாடத்திற் பெற்ற புள்ளியிலிருந்து அப்பாடத்தின் இடையைக் கழித்து, எஞ்சியதை நியம விலகலால் வகுப்பர்; மூன்று பாடங்களின் இசட் புள்ளிகளின் சராசரியே வரிசைக்குரியது. நியம விலகல் எப்போதும் நேரெண்ணாதலால் ஒரு பாடத்தினுள் வரிசை மாறாது. பாடங்களிடையே மாறும். எடுத்துக்காட்டாக, ஒரு பாடத்தில் இடை 50, நியம விலகல் 8 எனின் 62 புள்ளிக்கு இசட் 1.5. மற்றொரு பாடத்தில் இடை 54, நியம விலகல் 12 எனின் 66 புள்ளிக்கு இசட் 1. இங்கு 62 பெற்றவர் 66 பெற்றவருக்கு மேலே நிற்கின்றார். இது அநீதியன்று, கடினமான பாடத்தையும் எளிய பாடத்தையும் ஒரே கோட்டில் வைக்க இதனினும் நேரிய வழி எளிதிற் கிடைப்பதில்லை. ஆயினும் முறையின் நேர்மை முழுவதும் ஒரு முன்கேள்வியில் தங்கியுள்ளது. யாரை யாரோடு சேர்த்து இடையும் நியம விலகலும் கணிப்பது?

அக்கேள்வி 2011இல் நாடளாவிய சிக்கலாயிற்று. அவ்வாண்டு உயர்தரப் பரீட்சைக்குப் பழைய பாடத்திட்டத்தினரும் புதிய பாடத்திட்டத்தினரும் ஒருங்கே தோற்றினர். வினாத்தாள்கள் வேறு, இரு தொகுதியினரின் புள்ளிகளும் சேர்த்தே கணிக்கப்பட்டன. பெறுபேறு வெளியானபின் மாணவர் நீதிமன்றஞ் சென்றனர். 2012 யூனில் உயர் நீதிமன்றம் வெளியிடப்பட்ட இசட் புள்ளிகளைச் செல்லாதனவாக்கி, இரு தொகுதியினரையும் இரு வேறு குடித்தொகைகளாகக் கொண்டு மீளக் கணிக்குமாறு பணித்தது. விடைத்தாள் எதுவும் மீண்டும் திருத்தப்படவில்லை. எவருடைய மூலப்புள்ளியும் மாறவில்லை. பிரிக்கும் கோடு மட்டும் மாறிற்று. புதிய பெறுபேறு வந்தபோது வரிசையில் ஏறியோரும் உளர், இறங்கியோரும் உளர். கல்முனையிலும் சம்மாந்துறையிலும் அக்கரைப்பற்றிலும், ஏற்கெனவே பாராட்டுப் பெற்ற பிள்ளைகளின் வீடுகளில், அவ்வாண்டின் பிற்பாதி முழுவதும் இரு தாள்களை அருகருகே வைத்து எது பெரிது எது சிறிது எனப் பார்ப்பதிற் கழிந்திருக்கும்.